ஓடுபாதையில் மக்காச்சோளம்

முருகேஸ்வரிக்கு வாய் அதிகம் என்று சொல்லாத ஆள் எங்கள் ஊரில் கிடையாது. நானே அவள் முகத்துக்கு நேராகச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். நான் அவள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருப்பவன், பெயர் பொன்னுவேல். குட்டியானை வண்டியில் காய்கறி ஏற்றிக்கொண்டு தினமும் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போய் வருகிறேன். அவளைப் பற்றிச் சொல்ல உனக்கு என்ன தகுதி என்று யாராவது கேட்டால், இத்தனை வருடம் அவளிடம் திட்டு வாங்கியவன் என்பதைவிடப் பெரிய தகுதி எது என்று நான் திருப்பிக் கேட்பேன்.

எங்கள் ஊர் பழனிக்கும் ஒட்டன்சத்திரத்துக்கும் நடுவில், மலையடிவாரத்தில் இருக்கிறது. ஊருக்கு வெளியே, எந்தக் காலத்திலோ ஒரு மில் முதலாளி தன் சொந்த விமானம் வந்து இறங்குவதற்காகப் போட்ட தார் ஓடுபாதை ஒன்று கிடக்கிறது. மில் போயிற்று, முதலாளி போனார், தார் மட்டும் போகவில்லை. எங்கள் ஊர் ரோடு வருஷா வருஷம் பெயர்ந்து பல்லை இளிக்கும். இந்த மனிதர் போட்டது இன்றைக்கும் மழுமழுவென்று இருக்கிறது. நாலைந்து வருடத்துக்கு முன் ஒரு சுற்றுலாக் கம்பெனி அதைக் குத்தகைக்கு எடுத்து, நாலு பேர் உட்காரும் குட்டி விமானம் ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தியது. கொடைக்கானல் ஏரியை மேலேயிருந்து பார்க்கலாம், பெருமாள்மலை உச்சியைப் பக்கத்தில் பார்க்கலாம், திரும்பி வரும்போது பழனி மலையைத் தூரத்தில் ஒரு சுற்றுச் சுற்றிக் கோபுர தரிசனம் செய்யலாம் என்று விளம்பரம் செய்தார்கள்.

முதல் நாள் விமானம் கிளம்பிய சத்தத்தில் முருகேஸ்வரியின் ஆடுகள் மிரண்டு நாலா பக்கமும் ஓடிவிட்டன. விமானம் போய்த் திரும்பி, அடுத்த ஆட்களை ஏற்றிக்கொண்டு கிளம்பப் பார்த்தபோது, அவள் தொரட்டியோடு ஓடுபாதையின் நடுவில் போய் நின்றுகொண்டாள். மேனேஜர் சிவமுருகன் பதறிக்கொண்டு ஓடி வந்தார்.

"அம்மா, இது ரன்வே. இங்க நிக்கக் கூடாது."

"எங்க அப்பன் காலத்துலருந்து எங்க ஆடு நிக்கிற எடம் இது. வெரசாப் போயி என் ஆட்டையெல்லாம் புடிச்சுட்டு வாங்க. அது வந்தா நான் போறேன்."

சூட்கோட்டு போட்ட அந்த மனிதர் முள்ளுக்காட்டுக்குள் ஆட்டைத் தேடி அலைந்ததை நான் கண்ணால் பார்த்தேன். அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் எனக்கு விலா வலித்தது. ஆனால் சிவமுருகன் விவரமான ஆள். இவளை எதிரே நிறுத்துவதைவிடப் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது என்று புரிந்துகொண்டு, மறுநாளே வேலை கொடுத்துவிட்டார்.

வேலை இதுதான். விமானம் ஏறும் முன்பும் இறங்கும் முன்பும் டிவிஎஸ் வண்டியில் ஓடுபாதையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை போய், ஆடு, மாடு, நாய், மயில் எல்லாவற்றையும் விரட்டிவிட்டு, கையிலுள்ள வயர்லெஸ் செட்டில் விமானிக்குச் சேதி சொல்ல வேண்டும். சேலைக்கு மேல் போட்டுக்கொள்ளக் காக்கிச் சட்டை ஒன்று கொடுத்தார்கள். அதற்கு முன் அவள் திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போனாள், செங்கல் சூளைக்குப் போனாள், எல்லா இடத்திலும் மேஸ்திரியோடு சண்டை போட்டுவிட்டுத் திரும்பி வந்தாள். வாயினாலேயே வேலை போய்க்கொண்டிருந்தவளுக்கு வாயினாலேயே வேலை கிடைத்தது இதுதான் முதல் தடவை. ஊர் அவளை ஏர்போர்ட்டம்மா என்று கூப்பிட ஆரம்பித்தது. கிண்டலாகத்தான் கூப்பிட்டோம். அவள் அதைக் கிண்டலாக எடுத்துக்கொள்ளவே இல்லை.

அவள் புருஷன் பழனிமுத்து பெருமாள்மலையில் ஒரு டீக்கடையில் மாஸ்டராக இருக்கிறார். வாரத்துக்கு ஒருநாள் ஊருக்கு வருவார். அதிகம் பேசமாட்டார். அந்த வீட்டில் பேச வேண்டியதையெல்லாம் ஒரே ஆள் பேசிவிடுவதால் அவருக்கு அந்தத் தேவை வரவில்லை.

இனி சோளத்துக்கு வருகிறேன். எங்கள் பக்கத்தில் தை மாதம் மக்காச்சோளம் அறுப்பு. மிஷினில் உதிர்த்த சோளத்தை நாலு நாள் நல்ல வெயிலில் காயப்போட்டால்தான் வியாபாரி கையால் தொடுவான். காயப்போட எங்களுக்குக் களம் இல்லை, தார்ரோடுதான் களம். மெயின் ரோட்டில் ஓரமாகக் கொட்டிச் சுற்றிலும் கல்லை அடுக்கி வைப்போம். பைக்கில் வருகிறவன் வழுக்கி விழுவான், போலீஸ்காரர் வந்து கத்துவார், பஸ் டயரில் பாதி சோளம் போய்விடும். இப்படி இருக்கிற ஊருக்குப் பக்கத்தில், வண்டி வாசி இல்லாத, மழுமழுவென்ற ஒரு ரோடு நாளெல்லாம் சும்மா வெயிலைக் குடித்துக்கொண்டு கிடந்தால் யார்தான் விடுவார்கள்?

முருகேஸ்வரி ஒரு சட்டம் போட்டாள். தை மாதம் காற்று கிழக்கேயிருந்து அடிக்கும். விமானம் காற்றுக்கு எதிராகத்தான் இறங்க வேண்டுமாம். அப்போதுதான் வேகம் குறைந்து நிற்குமாம். அதனால் விமானம் மேற்குப் பக்கமிருந்து வந்து, மேற்குக் கோடியைத் தலைக்கு மேலே தாண்டி, உள்ளே தள்ளி இறங்கிக் கிழக்கே ஓடும். ஆகவே மேற்குக் கோடியில் மட்டும் சோளம் போடலாம். சுண்ணாம்பால் ஒரு கோடு கிழித்தாள். கோட்டைத் தாண்டி ஒரு மணி கிடந்தாலும் அன்றைக்கு அந்த ஆளின் பரம்பரையே நடுத்தெருவில் நாறும். மேனேஜருக்கு இது தெரியும், தெரியாததுபோல இருந்தார். விமானிக்கும் தெரியும். தினமும் செட்டில் அவள் சொல்வதை நான் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன்.

"ஜெனி, ரோடு சுத்தமா இருக்கு. மேக்குக் கோடியில சோளம் கெடக்கு."

"ஓகேக்கா. சோளத்தைத் தாண்டியே இறங்குறேன்."

ஜெனிதான் விமானி. கொடைக்கானல் செண்பகனூர்ப் பெண். அம்மா கித்தேரியம்மாள் ஒரு பள்ளிக்கூட விடுதியில் சமையல் வேலை பார்க்கிறார். அப்பா இல்லை. சர்ச்காரர்கள், பள்ளிக்கூடத்து டீச்சர்கள், உறவுக்காரர்கள் என்று பத்துக் கைகள் சேர்ந்து தூக்கிவிட்டுத்தான் அந்தப் பெண் விமானம் ஓட்டப் படித்தது. முருகேஸ்வரி வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், ஜெனி இறங்கி வந்ததும் இவள் விமானத்துக்குள் எட்டிப் பார்த்து, "ஓட்டுன ஆளு எங்க?" என்று கேட்டாள். நான்தான் என்று ஜெனி சொன்னாள். முருகேஸ்வரி அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "சாப்பிட்டியா?" என்றாள். அன்றிலிருந்து ஜெனிக்கு மத்தியானச் சோறு முருகேஸ்வரி வீட்டுத் தூக்குப்போணியிலிருந்துதான். ஜெனி லீவுக்குப் போய் வந்தால் பிளம்ஸ் பழமும் பேரிக்காயும் பையோடு கொண்டுவருவாள்.

என் காய்கறி வண்டியில் ஒருநாள் முருகேஸ்வரி வந்தாள். சும்மா வராமல் வழியெல்லாம் ஜெனி புராணம். பொறுக்க முடியாமல், "அவ என்ன உன் வயித்துலயா பொறந்தா?" என்று கேட்டுவிட்டேன்.

"பொறக்கலைதான். ஒரு பொம்பளப் புள்ள ஆகாயத்துல ஓட்டிட்டு வர்றா, அவ எறங்குற ரோட்டை நான் கூட்டிப் பெருக்கி வைக்கிறேன். இதவிட என்ன வேணுங்கிற?"

நான் ஹாரனை ஒரு தடவை அமுக்கிவிட்டு வண்டியை ஓட்டினேன்.

விபத்து நடந்தது போன தை மாதம். ஒட்டன்சத்திரத்துக் கமிஷன் மண்டிக்காரர் சுப்புராஜ் தனியாக விமானத்தில் போனார். அவர் சம்சாரம் கூட வந்து, விமானத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இதுல ஏறுறதுக்கு நான் கரும்பு மிஷின்ல தலையைக் குடுப்பேன்" என்று கீழேயே உட்கார்ந்துகொண்டார். சுப்புராஜ் முருக பக்தர், பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார். கொடைக்கானலைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது, ஜெனி வழக்கம்போலப் பழனி மலையைத் தன் இடது கைப் பக்கம் வைத்து வட்டமடிக்கத் தொடங்கினாள். விமானிக்கு இடது பக்கம்தான் இருக்கை, அப்படிப் போனால்தான் மலை நன்றாகத் தெரியும். சுப்புராஜுக்கு உயிரே போய்விட்டது.

"என்ன தாயி, சாமியை இடமாச் சுத்துற? இது வெளங்குமா? திருப்பு திருப்பு. வலமாச் சுத்து. மூணு சுத்து."

இதெல்லாம் ஜெனி பிறகு சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். அவள் வேதக்காரப் பெண். வேறொருவர் சாமி விஷயத்தில் மாட்டேன் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. திருப்பினாள். வலமாக மூன்று சுற்றுச் சுற்றினாள். சுப்புராஜ் அரோகரா போட்டுக்கொண்டே வந்தார். வழக்கமான வழி மாறிப்போனதால், சுற்றி முடித்தபோது அவள் ஓடுபாதையின் கிழக்குப் பக்கம் வந்து சேர்ந்திருந்தாள். மறுபடி சுற்றிக்கொண்டு மேற்கே போயிருக்க வேண்டும். அடுத்த ஆட்கள் காத்திருந்தார்கள், நேரமாகிவிட்டது, ஓடுபாதை நேர் எதிரே தெரிந்தது. காற்று அடிக்கும் திசையைக் காட்டக் கம்பத்தில் கட்டியிருந்த பையை ஒரு தடவை பார்த்திருந்தால் போதும். பார்க்கவில்லை. கிழக்கேயிருந்து, காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு இறங்கிவிட்டாள்.

அந்த நேரத்தில் நான் மேற்குக் கோடியில் வண்டியை நிறுத்தி, எங்கள் ஊர் அழகுமலை காயப்போட்டிருந்த சோளத்தைச் சாக்கில் அள்ளிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தால் விமானம் எனக்கு நேராக வருகிறது. முருகேஸ்வரி செட்டில், "ஏ ஜெனி, இந்தப் பக்கமா ஏன் வர்ற?" என்று கத்துவது கேட்டது. அது ஜெனியின் காதில் விழுந்தபோது சக்கரம் தரையைத் தொட்டுவிட்டது. பிரேக் போட்டாள். காற்று பின்னாலிருந்து தள்ளியது. விமானம் நிற்கவில்லை. நான் வண்டியையும் சாக்கையும் போட்டுவிட்டு ஓடையில் குதித்தேன். தண்ணீர் இல்லாத ஓடை, பாறைதான். எனக்கு முட்டி பெயர்ந்தது.

விமானம் சோளத்தில் ஏறி, வழுக்கி, அழகுமலை குவித்து வைத்திருந்த குவியலுக்குள் மூக்கைச் செருகிக்கொண்டு நின்றது. முன்னால் சுற்றுகிற இறக்கை வளைந்துபோயிற்று. சோளம் மழைபோல என் தலையில் கொட்டியது. குவியலைத் தாண்டினால் என் வண்டி, அதைத் தாண்டினால் நான் கிடந்த ஓடை. யாருக்கும் பெரிய அடி இல்லை. ஜெனிக்கு உதட்டில் ரத்தம். முருகேஸ்வரி ஓடிப்போய் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கை காலெல்லாம் தடவித் தடவிப் பார்த்தாள். சுப்புராஜ் சட்டைக்குள்ளெல்லாம் சோளத்தோடு இறங்கி வந்தார். எல்லோரும் அவரையே பார்த்தோம். அவர் ஒரு மணியை எடுத்துக் கடித்துப் பார்த்தார்.

"இன்னும் ஈரம் இருக்கே. ரெண்டு நாள் காயணும்" என்றார்.

சாயங்காலம் சிவமுருகன் முருகேஸ்வரியைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். விசாரணைக்கு அதிகாரி வருவார். சோளத்தில் வழுக்கித்தான் விபத்து என்று ஆகிவிட்டால் கம்பெனிக்கும் கெட்ட பெயர் இல்லை, விமானிக்கும் ஆபத்து இல்லை. ஓடுபாதையில் சோளம் போட விட்டவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டோம் என்று சொன்னால் விஷயம் முடிந்துவிடும். விமானி தப்பு என்று போனால் ஜெனியின் கதை முடிந்தது. யோசித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த ஆளை அன்றைக்கே முள்ளுக்காட்டில் தொலைத்திருக்க வேண்டும் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

மறுநாள் வெள்ளனே முருகேஸ்வரி என் வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணே, ஒட்டன்சத்திரம் போகணும். சுப்புராஜைப் பாக்கணும்."

எனக்குச் சந்தோஷம். சுப்புராஜ் விஷயம் எங்கள் காதுக்கு வந்துவிட்டிருந்தது. மார்க்கெட்டில் நிற்கிறவன் போகிறவன் எல்லோரிடமும், 'நான்தான் வலமாச் சுத்தச் சொன்னேன், அதனாலதான் முருகன் உசுரைக் காப்பாத்துனான்' என்று பெருமையடித்துக்கொண்டிருந்தார். அது அதிகாரி காதுக்குப் போனால், விமானம் ஏன் தப்பான பக்கம் வந்தது என்பது வெட்டவெளிச்சமாகிவிடும். முருகேஸ்வரியின் வேலை தப்பும். சாட்சிக்கு ஆள் பிடிக்கத்தான் போகிறாள், பரவாயில்லை, புத்தி இருக்கிறது என்று நினைத்து வண்டியை விரட்டினேன்.

மண்டியில் முட்டைக்கோஸ் மூட்டைகளுக்கு நடுவில் சுப்புராஜ் உட்கார்ந்திருந்தார். அவர் தலைக்கு மேலே ராத்திரியோடு ராத்திரியாக அடித்து மாட்டிய ஆளுயர பிளக்ஸ் போர்டு. 'ஆகாய மார்க்கமாக மும்முறை வலம் வந்து முருகனருளால் உயிர் பெற்ற சுப்புராஜ்' என்று கொட்டை எழுத்து. ஒரு பக்கம் சாமி படம், மறுபக்கம் சோளத்தில் மூக்கை விட்டுக்கொண்டு நிற்கிற விமானம், நடுவில் கைகூப்பியபடி இவர்.

"ஐயா, இந்த போர்டைக் கழட்டுங்க" என்றாள் முருகேஸ்வரி. "வலமாச் சுத்துன கதையை இனி யாருகிட்டயும் பேசாதீங்க. அந்தப் புள்ள பொழப்பு போயிரும்."

நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

"முருகன் எனக்கு உசுரு குடுத்திருக்கான். அதை மறைக்கச் சொல்றியாம்மா?"

"உங்களை நிப்பாட்டுனது சோளம்."

"அந்தச் சோளத்தை அங்க போட வச்சது யாரு? அவந்தான்."

"நான்தான் போட வச்சேன். கோடு கிழிச்சது நானு."

"உன் கையைப் புடிச்சுக் கோடு கிழிக்க வச்சவன் யாரு?"

இந்தப் பேச்சு எங்கே போய் முடியும்? லோடுமேன்கள் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். கடைசியில் முருகேஸ்வரி அந்த முட்டைக்கோஸ் மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டாள். போர்டு இறங்கினால்தான் எழுந்திருப்பேன் என்றாள். வியாபார நேரம் வேறு. சுப்புராஜ் தலையில் அடித்துக்கொண்டு ஆளைவிட்டுப் போர்டைக் கழற்றச் சொன்னார். இனிமேல் வாயைத் திறக்கமாட்டேன் என்று கற்பூரம் அடித்துச் சத்தியமும் செய்தார். பஸ் ஸ்டாண்டு பக்கம் இன்னொரு போர்டு வைத்திருப்பதை மட்டும் அவர் சொல்லவில்லை.

திரும்பி வரும்போது நான் அவளைத் திட்டிய திட்டு கொஞ்சநஞ்சமல்ல. கூறு கெட்டவள் என்றேன், உன் வேலையின் கழுத்தை நீயே நெரிக்கிறாய் என்றேன். ஊர் எல்லை வந்ததும்தான் வாயைத் திறந்தாள்.

"எனக்கு இந்த வேலை போனா சூளைக்குப் போவேன். மனசு கெடந்து அடிச்சுக்கிரும், அது வேற. அவளுக்குப் போனா அவ எங்கண்ணே போவா?"

விசாரணைக்கு வந்தது கண்ணாடி போட்ட ஒரு நடுத்தர வயது அம்மாள். ஓடுபாதை ஓரத்துத் தகரக் கொட்டகையில் விசாரணை. பார்த்த சாட்சி என்று என்னையும் கூப்பிட்டு முருகேஸ்வரிக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள்.

"ரன்வேல சோளம் போட விட்டது யாரு?"

"நான்தாங்க மேடம்."

"சோளம் கெடக்குன்னு பைலட்டுக்குச் சொன்னீங்களா?"

"சொல்லலீங்க. மறைச்சுட்டேன். சுத்தமா இருக்குன்னு பொய் சொன்னேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பொய்யிங்க மேடம். சொன்னா. பக்கத்துல நின்னு நான் கேட்டேன்" என்று எழுந்துவிட்டேன்.

"நீ உக்காருண்ணே. உன்னை யாரு கேட்டா?"

அதிகாரி என்னை உட்காரச் சொல்லிவிட்டு அவளைப் பார்த்தார். "விமானம் ஏன் கிழக்கேருந்து வந்துச்சு?"

"காத்து திடீர்னு திரும்பிருச்சுங்க."

"எந்தப் பக்கம் திரும்புச்சு?"

முருகேஸ்வரி கொஞ்சம் யோசித்தாள். "எல்லாப் பக்கமும்" என்றாள்.

ஊரையே வாயால் மேய்க்கிறவள் பொய் சொல்வதில் இவ்வளவு மக்கு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"வர்ற வழியில ஒட்டன்சத்திரம் பஸ் ஸ்டாண்டுல ஒரு போர்டு பார்த்தேன்" என்றார்.

"அது பழைய போர்டுங்க."

"போர்டு இருக்கட்டும். அந்தப் பொண்ணு அன்னைக்குச் சாயங்காலமே எனக்குப் போன் பண்ணிட்டாங்க. காத்தைப் பார்க்காம இறங்குனது என்னோட தப்பு, சோளம் இருக்குன்னு அக்கா சொன்னாங்க, நானும் சரின்னேன், இதுல அவங்க மேல பழி போடாதீங்கன்னு சொன்னாங்க. உங்க மேனேஜர் மாத்திச் சொல்லச் சொல்லியும் மாத்தலை."

முருகேஸ்வரி காக்கிச் சட்டையின் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தாள்.

"அப்ப அவ இனி ஓட்ட முடியாதுங்களா?" என்று கேட்டாள்.

"கொஞ்ச நாள் முடியாது. திரும்பப் பயிற்சி எடுக்கணும், பரீட்சை எழுதணும். பாஸ் பண்ணா ஓட்டலாம்" என்றார் அதிகாரி. "உங்க மேலயும் தப்பு இருக்கு. இனி ரன்வேல ஒரு மணி சோளம் கெடக்கக் கூடாது."

"கெடக்காதுங்க."

"மேனேஜருக்கும் சேர்த்துத்தான் சொல்றேன். கெடக்கிறதைக் கெடக்குன்னு பைலட்டுக்குச் சொன்ன ஆளை வேலையை விட்டு நிறுத்தக் கூடாதுன்னும் அவர்கிட்ட சொல்லப்போறேன்."

வெளியே வேப்பமரத்தடியில் ஜெனி உட்கார்ந்திருந்தாள். முருகேஸ்வரி நேராகப் போய் அவள் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

"யாரைக் கேட்டுடி சொன்ன? நான் ஒட்டன்சத்திரம் வரைக்கும் போயி கோஸ் மூட்டை மேல உக்காந்துட்டு வந்திருக்கேன்."

"நீங்க யாரைக் கேட்டுப் போனீங்க?"

"எதுத்துப் பேசாத."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டே அழுதார்கள். அழுதுகொண்டே சிரித்தார்கள். எனக்குப் பொறாமையாக இருந்தது, அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. எனக்காக இப்படிக் கேவலமாக ஒரு பொய் சொல்லி மாட்டிக்கொள்ள இந்த உலகத்தில் யாராவது இருக்கிறார்களா என்று எண்ணிப் பார்த்தேன். ஒரு முகமும் நினைவுக்கு வரவில்லை.

ஜெனி முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அம்மாகிட்ட இன்னும் சொல்லலக்கா" என்றாள். "சோளம் வழுக்கித்தான் ஆச்சுன்னு நெனச்சுட்டிருக்காங்க. எம் மக சாமர்த்தியமா நிப்பாட்டுனான்னு சர்ச்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டாங்க. நான் எப்படிப் போய் நிப்பேன்?"

முருகேஸ்வரி என் பக்கம் திரும்பினாள். "அண்ணே, வண்டியை எடு. செண்பகனூர் போறோம்."

சந்தைக்குப் போகிற சோலி இருக்கிறது என்று நான் சொல்லிப் பார்த்தேன். அது யார் காதிலும் விழவில்லை. முன்சீட்டில் மூன்று பேரும் நெருக்கியடித்துக்கொண்டு மலையேறினோம். வளைவுக்கு வளைவு நான் கியரைப் போட முழங்கையை நீட்டும்போதெல்லாம் முருகேஸ்வரி என்னைத் திட்டினாள். பெருமாள்மலையில் பழனிமுத்து டீ கொடுத்தார். அவள் நடந்ததையெல்லாம் ஒரே மூச்சில் சொன்னாள். அவர் கிளாசைக் கழுவிக்கொண்டே கேட்டுவிட்டு, "நீயும் கூடப் போயிச் சொல்லு, அதுதான் சரி" என்றார். அந்த மனிதர் ஒரு வாரத்தில் பேசுகிற பேச்சு அது.

செண்பகனூரில் பனிமூட்டமாக மஞ்சு இறங்கியிருந்தது. கித்தேரியம்மாள் அப்போதுதான் வேலை முடிந்து வந்து, ஸ்வெட்டரைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றிருந்தார். மகளைக் கண்டதும் முகம் மலர்ந்தது. கூட வந்திருந்த முருகேஸ்வரியின் காக்கிச் சட்டையைப் பார்த்ததும் அந்த மலர்ச்சி அப்படியே நின்றுவிட்டது. ஜெனி, "அம்மா" என்றாள். அதற்கு மேல் அவளுக்கு வரவில்லை.

முருகேஸ்வரி முன்னால் போய் நின்றாள். அவள் ஏதாவது ஏடாகூடமாகப் பேசிவிடுவாளோ என்று எனக்குக் கவலை.

"அம்மா, உங்க மக வண்டியைத் தப்பா எறக்கிட்டா. சோளத்து மேல பழி போட்டுருன்னு சொன்னாங்க, மாட்டேன்னுட்டு, என் தப்புன்னு தானே சொல்லிட்டா. இப்பக் கொஞ்ச நாளைக்கு அவளை ஓட்டக் கூடாதுன்னுட்டாங்க. வண்டி எறக்குறதை அவங்க மறுபடி சொல்லிக் குடுத்துருவாங்க. தப்பை ஒத்துக்கிறதுன்னு இன்னொன்னு இருக்குல்ல, அதைச் சொல்லிக் குடுக்க அவங்களால ஆகாது. அது நீங்க சொல்லிக் குடுத்தது. அதைச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்."

கித்தேரியம்மாள் மகளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அவளை இழுத்து ஸ்வெட்டரோடு சேர்த்து அணைத்துக்கொண்டார். முருகேஸ்வரி அந்த நேரம் முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை.

"குளிருது, உள்ள வாங்க எல்லாரும்" என்றார் கித்தேரியம்மாள். "ஞாயித்துக்கிழமை சர்ச்சுல நானே மாத்திச் சொல்லிக்கிறேன். இப்ப காபி போடுறேன்."